அளவைத் தாண்டிய சூடு

மறுபடியும் வந்திருக்கிறது.

அவன் கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டரில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். அதே வரிதான். சர்வரின் கெர்னல், அதாவது மொத்த மெஷினையும் அடியிலிருந்து ஆட்டிவைக்கிற புரோகிராம், ராத்திரி முழுக்க அதையே கக்கியிருந்தது.

'சூடு அளவைத் தாண்டியது. வேகம் குறைக்கப்பட்டது.'

குன்னூரில். அதுவும் ஜனவரியில். வாயைத் திறந்தால் புகை வருகிற ஊரில் ஒரு மெஷினுக்குக் காய்ச்சல் அடிக்கிறதாம்!

அந்தக் காய்ச்சல் நேற்றோடு போயிருக்க வேண்டும். வார்னிங் இல்லாத முதல் காலையைப் பார்க்கிற ஆசையில்தான், யாரும் வருவதற்கு முன்பே வந்து ஆபீசைத் திறந்திருந்தான்.

ஏனென்றால் நேற்றுதான் ஜெரினுக்குக் கடைசி நாள்.

ஜெரின், தேயிலைக் கம்பெனியின் இந்தக் கிளைக்கு ஒப்பந்தத்தில் வந்த என்ஜினியர். நாகர்கோவில்காரன். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பான இவனுக்குக் கீழே வேலை பார்த்தவன்.

ராத்திரியில் மட்டும் சூடு. ஆள் இல்லாத நேரத்தில் மெஷின் எதற்கு உழைக்க வேண்டும்? யாரோ உழைக்க வைக்கிறார்கள். கம்பெனி கரண்டில் பயல் பிட்காயின் என்கிற இணையக் காசைத் தோண்டுகிறான். கிறிஸ்துமஸுக்கு ஜெரின் ஊருக்குப் போயிருந்த அந்த வாரம் முழுக்க ஒரு வார்னிங்கூட வரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் ஜெரின் தும்மினாலும் குற்றம்.

போனைக் கவிழ்த்து வைத்தான். எதை மறைக்கிறான்?

புது ஷூ போட்டு வந்தான். அதுசரி, எங்கிருந்து வந்தது?

"காத்து எங்கேயாவது அடைச்சிருக்கும் சார். சர்வர் ரூம்ல பின்னாடி ஒரு தடவை பார்த்துடட்டுமா?" என்று ஜெரின் கேட்டபோது மனசுக்குள் சிரித்துக்கொண்டான். உள்ளே போய்த் தடயத்தை அழிக்கப் பார்க்கிறான், திருடன். அன்றைக்கே அவனிடமிருந்து ரூம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான்.

கோவை ஹெட் ஆபீசுக்கு எழுதினான். நூறு சதம் நிச்சயம் என்று எழுதினான். ஜெரினை நிறுத்திவிடச் சொல்லிப் பதில் வந்தது.

"என்ன தப்புன்னாவது சொல்லுங்க சார்."

"மேலிடத்து முடிவுப்பா."

ஜூனில்தான் மகளை இங்கே யூகேஜியில் சேர்த்திருந்தான் ஜெரின். இன்றைக்குக் காலையில் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவதாகச் சொல்லியிருந்தான்.

அப்படியிருக்க, இந்த வார்னிங்?

பாவி, போகிற போக்கில் எதையோ உள்ளே புதைத்துவிட்டுப் போயிருக்கிறான். பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினான். ஓடுகிற புரோகிராம்களை வரி வரியாகத் துழாவினான். வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. மெஷின் ஒரு வேலையும் செய்யவில்லை.

சும்மா இருந்துகொண்டே கொதித்தது.

எழுந்தான். சர்வர் ரூம் அவன் நாற்காலிக்கு நேர் எதிரே. இத்தனை நாளில் ஒரு தடவைகூட எழுந்து போய்ப் பார்த்ததில்லை. எல்லாம் ஸ்கிரீனிலேயே தெரிகிறபோது எதற்கு?

உள்ளே ஃபேன்கள் காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தன. மெஷினின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

ஒரு சால்வை.

பழைய கம்பளிச் சால்வை. அதில் எதையோ சுற்றி, சூடான காற்று வெளியே வருகிற இடத்தோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைத்திருந்தது.

முருகா, என்ன கருவி இது! கையால் தொடப் பயந்து, பேனாவால் சால்வையை விலக்கினான்.

எவர்சில்வர் தூக்கு.

மூடியைத் தள்ளிக்கொண்டு, நுரைத்துப் பொங்கி நின்றது இட்லி மாவு.

"அடடே, சார் இன்னைக்கு எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களா!"

வாசலில் சுலோச்சனா மேடம். கணக்குப் பிரிவு. ஆபீசுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். எல்லா ரூம்களுக்கும் மாற்றுச் சாவி அவரிடம் உண்டு; மற்ற நாளெல்லாம் சாயங்காலம் பூட்டுவதும் காலையில் திறப்பதும் அவர்தான்.

"இந்தக் குளிர்ல மாவு பொங்கவே மாட்டேங்குது சார். இங்க வெச்சுட்டுப் போனா காலையில ஜம்முனு வந்துடுது."

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. ஒளித்து வைத்ததாக அவர் நினைக்கவே இல்லை. அவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"கிறிஸ்துமஸ் சமயத்துல வைக்கலையா மேடம்?"

"அப்ப நான் ஈரோட்டுல மகன் வீட்டுக்குல்ல போயிருந்தேன்."

தூக்கைச் சால்வையோடு எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். ஃபேன்களின் கத்தல் மெல்ல மெல்ல அடங்கியது. புறப்பட்டவர் நின்றார்.

"ஜெரின் தம்பி ஊருக்குப் போறேன்னு நேத்து சொல்லிட்டுப் போனாரு. எப்ப சார் திரும்பி வர்றாரு?"

"அவருக்கு வேற நல்ல வேலை கிடைச்சிருச்சு மேடம்."

"அப்படியா! நல்லா இருக்கட்டும். தங்கமான பிள்ளை."

அவர் போய்விட்டார். அவன் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தான். ஸ்கிரீனில் புதிதாக ஒரு வரிகூட விழவில்லை. போனில் கோவையிலிருந்து செய்தி வந்திருந்தது.

'ஆளை அனுப்பியாயிற்று. வார்னிங் நின்றதா?'

ஜெரினுக்கு ஒரே ஒரு போன் போட்டால் போதும். வண்டியைத் திருப்பச் சொல்லலாம். ஆனால் நூறு சதம் என்று எழுதினானே! ஒரு தூக்கு மாவுக்காக ஒரு மனுஷனின் வேலையைப் பறித்தேன் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? அடுத்து யாரை அனுப்புவார்கள்?

'நின்றுவிட்டது சார்' என்று எழுதினான்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். 'நம் சந்தேகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது' என்றும் சேர்த்தான்.

அனுப்பினான்.

மணியைப் பார்த்தான். மலை இறங்குகிற அந்தச் சாமான் வண்டி இந்நேரம் பாதி வழியில் இருக்கிற பர்லியாரைக்கூடத் தாண்டியிருக்காது.