ஆபரேஷனுக்கு முன் ஒரு பேய்க்கதை

"இதய ஆபரேஷனுக்குப் போற மனுஷன்கிட்ட சொல்ற கதையா சார் இது?"

நர்ஸ் பொரிந்து தள்ளினாள்.

"அவர்தாம்மா கேட்டார்" என்றார் பேய்க்கதை எழுத்தாளர். கட்டிலில் படுத்திருந்தவர் அவருடைய தங்கை புருஷன்.

"நீங்க சொல்லுங்க மச்சான்."

"பாழடைஞ்ச பங்களா எல்லாம் வேலைக்கு ஆகாது மாப்பிள்ளை. நம்ம வீடு மாதிரியே ஒரு வீடு. ஒரு பொண்ணு மட்டும் தனியா இருக்கா. மாடியில நாற்காலி நகர்ற சத்தம்."

"யாரு?"

"அதைச் சொல்லவே கூடாது. பேயைக் காட்டிட்டா பயம் போயிடும். மேல போய்ப் பார்க்கிறா. யாரும் இல்ல. அப்பாடான்னு நாற்காலியில உட்கார்றா..."

"உட்கார்ந்து?"

"நாற்காலி சூடா இருக்கு."

நர்ஸ் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"ஐயோ, அப்புறம்?" என்றாள் அவளே.

சுதாரித்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு பிரஷர் பார்த்தாள். நார்மல். அவளுக்குத்தான் வியர்த்திருந்தது.

ஸ்ட்ரெச்சர் வந்தது.

"மச்சான், முடிவு?"

"திரும்பி வாங்க, சொல்றேன்."

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதும் நர்ஸ் முறைத்தாள். "பாதியிலயே விட்டுட்டீங்களே!"

"வேணும்னுதாம்மா விட்டேன். முடிவு கேட்கவாவது அவர் எழுந்து வரணும்ல?"

நர்ஸ் குரலைத் தணித்தாள். "மன்னிச்சிடுங்க சார். புரியாம பேசிட்டேன்."

நாலு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். எழுத்தாளர் பக்கத்தில் காத்திருந்த தங்கையின் தோளில் முகம் புதைத்துக் குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் காலை உள்ளே விட்டார்கள். மாப்பிள்ளை மெல்லக் கண் திறந்தார்.

எழுத்தாளர் குனிந்தார். "மாப்பிள்ளை, முடிவு சொல்லட்டுமா?"

மாப்பிள்ளை ஈனக்குரலில் சிரித்தார்.

"அந்தக் கதையை டைப் அடிக்கச் சொல்லி உங்க தங்கச்சிகிட்ட கொடுத்தீங்களே, அடிச்சதே நான்தான் மச்சான். நேத்து நீங்க பயந்து வெளிறிப்போய் நின்னதைப் பார்த்தேன். உங்களைத் தேத்த எனக்கு வேற வழி தெரியல!"