தடிக் கம்பி

நேற்றுப் போட்ட ஓட்டைக்குள் மதியழகன் இன்று தீக்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டிருந்தான். மேலே பசையை விட்டு, விரலால் அழுத்தித் துடைத்தான். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி சுகுணாவின் முறம் நின்றது. அவன் கையில் இருந்தது அவள் தம்பி சந்திரமோகனின் கிட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொம்பு வைத்த வெறும் கட்டையாக ஒரு பார்சலிலும், சாவி, கம்பி, குமிழ் என்று இன்னொரு பார்சலிலுமாக வந்தது. வெள்ளிக்கிழமை இண்டூர்த் திருவிழாவில் தம்பிக்கு முதல் மேடை. அதற்குள் மாமா எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தாக வேண்டும்.

"நேத்துப் போட்ட ஓட்ட நல்லாத்தானங்க இருந்திச்சு?"

"எடம் மாறிப்போச்சு."

டிரில் முனையில் டேப் சுற்றி ஆழம் குறித்துக்கொண்டான். கட்டையின் எதிர்க் கொம்பில் வைத்து அழுத்தினான். வார் மாட்டும் குமிழ் இப்போது அந்தப் பக்கம் ஏறியது.

திருகாணியைப் பிடித்திருந்தது இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். அந்தக் கையில் மிச்சம் அவ்வளவுதான். மற்ற மூன்றும் நான்கு வருடத்துக்கு முன்னால் கிரானைட் கம்பெனியில் கல்லோடு போனவை. அதுவரை பொம்மிடியில் கிட்டார் என்றால் மதியழகன்தான். அதற்கப்புறம் அவனை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

சுகுணாவுக்குக் காலையில் நடந்தது நெஞ்சில் உறுத்தியது. அதே கம்பெனியில் ஹெல்பராக இருக்கும் தம்பி மிக்சர் பொட்டலத்தோடு வந்திருந்தான்.

"அக்கா, ஹெல்பர் வேல முடிஞ்சுது. நாளையிலேர்ந்து புரமோசன்."

"அப்ப இனிமே உன்ன சார்னு கூப்புடணுமாடா?"

அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். மதியழகன் சிரிக்கவில்லை. அள்ளிய மிக்சரை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். தம்பியை வாசல் தாண்டி வழியனுப்பிவிட்டு வந்தவன், நேராகப் போய்த் தீப்பெட்டியை எடுத்தான்.

மத்தியானம் கம்பிகள் ஏறிவிட்டன. அவன் கை கழுவப் போன நேரத்தில் சுகுணா கிட்டாரை எடுத்து, தம்பி பிடிப்பதுபோல மடியில் வைத்துப் பார்த்தாள். மேலே வர வேண்டிய தடிக் கம்பி கீழே கிடந்தது. கீழே இருக்க வேண்டிய, சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் முழங்கையில் இடித்தன.

திருப்பிப் பிடித்தாள். எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. கம்பியை மீட்ட இடது கை. அதற்கு இரண்டு விரல் போதும். அழுத்திப் பிடிக்க வலது கை. அதற்கு ஐந்தும் வேண்டும்.

அவன் திரும்பி வந்ததும் கிட்டாரைத் தூக்கிக் காட்டினாள்.

"என் தம்பி சோத்துக்கையால மீட்டுறவன். இத யாருக்குப் பூட்டுனீங்க?"

மதியழகன் துண்டில் கையைத் துடைத்தான்.

"பத்து மாசம் கல்லுத்தூள்ல நின்னு வாங்குனான். அவனுத எடுத்து உங்க கைக்குத் தோதா மாத்திக்கிட்டீங்களே. மச்சான் மேடையேறுனா வவுறு எரியுதா?"

"அவனும் இதத்தான் கேட்டான். வாசல்ல நிறுத்தி, புரமோசன் வேணாம்டான்னு சொன்னேன். பொறாமையா மாமான்னு கேட்டுட்டுப் போறான்."

"வெள்ளிக்கெழம அவன் என்னாத்த வாசிப்பான்?"

"எரவல் வாங்கித் தரேன். அது ஒரு நாள் பாடு. இது ஆயுசுக்கும்."

"ஆயுசுக்கும் உங்களுக்கா?"

"அவனுக்குத்தான்."

"பீச்சாங்கையில மீட்டுறதுக்கு என் தம்பிக்கு என்னா தலையெழுத்து?"

அவன் கிட்டாரை வாங்கித் தடிக் கம்பியின் சாவியை முறுக்கினான். கம்பி உறுமியது.

"நான் நின்ன மெஷின்ல எனக்கப்பறம் மூணு பேரு நின்னாங்க. ஒருத்தனுக்கும் பீச்சாங்கை முழுசா இல்ல."

"அதுக்கு?"

"நாளையிலேர்ந்து அதுல உன் தம்பி நிக்கிறான்."