ஏழு மணி மாத்திரை

"நெய் போதுமா, இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டுமா?"

"போதும் கெசி. பருப்பையே காணோம்."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? கொழுப்பு இல்லாம போட்டா அந்த மருந்து கரையாது. வயித்துக்குள்ள போய் அப்படியே வெளிய வந்துடும்."

அசரியா தலையாட்டினார். சாப்பிட்டு முடித்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அது தொண்டையில் இறங்கும்வரை கெசியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் கணவன் மனைவிதான். ஆனால் மூன்று வருடமாக ஒரே வீட்டில் இல்லை. கெசியாவின் அம்மா இறந்த அன்று, மறைமலை நகர் தொழிற்சாலையில் ஷிஃப்டை முடித்துவிட்டுத்தான் அசரியா கிளம்பினார். வந்து சேர்ந்தபோது கல்லறையை மூடியிருந்தார்கள். அன்று கெசியா வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூரில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. திரும்பக் கூப்பிட அவளுக்கும் வரவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவருக்கு நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தது. நெடுநாள் மாத்திரை போட வேண்டும், நெய் விட்ட சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்றார் டாக்டர். மெஸ் சோற்றில் நெய் ஏது? கேள்விப்பட்டு கெசியாதான் போன் செய்தாள்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுட்டுப் போங்க. வேற எந்தப் பேச்சும் வேணாம்."

அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை. வேலை முடிந்து மின்சார ரயிலில் வருகிறவர், பெருங்களத்தூரில் இறங்காமல் கெசியாவின் வீடு இருக்கும் தாம்பரம் வரைக்கும் வந்து, சாப்பிட்டுவிட்டு, மறுபடி ஒரு ஸ்டேஷன் திரும்பிப் போவார். அரை மணி நேரம். பேச்சு பெரும்பாலும் நெய்யைப் பற்றித்தான். அந்த அரை மணிக்காக கெசியா, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து மணி அடித்ததும் ஓடிவந்தாள். அவர் போன பிறகு, அவர் உட்கார்ந்த நாற்காலியை உள்ளே தள்ளி வைக்க அவளுக்கு மனமே வராது.

சில மாதங்களாக அவர் ரத்தத்தில் மருந்து நன்றாகச் சேர்ந்திருப்பது பரிசோதனையில் தெரிந்தது. எல்லாம் தன் நெய்யின் மகிமை என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

மாடியில் குடியிருந்த ஸ்நேகா மருந்து ஆராய்ச்சி மாணவி. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, சார் போடுற மருந்தையே எங்க லேப்ல வேற மாதிரி பண்ணியிருக்கோம். மக்காச்சோளத்துல இருந்து ஒரு புரதம் எடுத்து, அதை நானோ உருண்டையாக்கி, மருந்தை அதுக்குள்ள வெச்சிடுறோம். ஒரு முடியை ஆயிரமா வகுந்தா எவ்ளோ, அவ்ளோ சின்னது. ஈசியா ரத்தத்துல சேர்ந்துடும். நெய்யும் வேணாம், சோறும் வேணாம். காலைல வெறும் தண்ணில போட்டா போதும்."

"சாப்பிடவே வேணாமா?" கெசியாவின் குரல் இறங்கிவிட்டது.

"வேணாம்க்கா. மருந்தோட அளவும் பாதிதான், கல்லீரலுக்கு நல்லது. ஆஸ்பத்திரியில போன வருஷத்துல இருந்தே குடுத்துப் பார்க்கிறாங்க. யார் யாருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. இந்த வெள்ளிக்கிழமையோட ஆள் சேர்க்கிறதை நிறுத்துறாங்க. சார்கிட்ட மறக்காம சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றாள். சொல்லவில்லை.

திங்கள் போனது. செவ்வாய், புதனும் போயின. ஏழு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் ஜெபத்தில் அவர் சுகத்துக்காகக் கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்ல மருந்தை மறைத்துவிட்டு யாரிடம் போய்ச் சுகம் கேட்பது?

வியாழக்கிழமை சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், ஸ்நேகா சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"நாளைக்கே போய்ச் சேர்ந்துடுங்க. நாலு நாளா மறைச்சுட்டேன், தப்புதான். இனிமே நீங்க... இவ்ளோ தூரம் அலைய வேண்டாம்."

அசரியாவின் கை தட்டிலேயே நின்றது.

"அந்த மக்காச்சோள மாத்திரைதானே?" என்றார் மெதுவாக. "நான் அதுல சேர்ந்து எட்டு மாசமாகுது கெசி. தினம் காலைல ரூம்லயே போட்டுடறேன்."

கெசியா திகைத்துப்போனாள். "அப்ப, தினமும் இங்க சாப்பிட்டுட்டு ஒண்ணு போடுறீங்களே, அது?"

அவர் தலை நிமிரவில்லை.

"அது வெறும் வைட்டமின்."