சுமை தூக்க ஒருவன்

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பத்மஜாவுக்கு, ஆவணக் காப்பகத்தில் பழைய ஓலைகளைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. அன்று காலை கையிலிருந்தது பழைய படைப்பிரிவு ஒன்றின் ஓலை. எழுத்து தேய்ந்திருந்ததால் வாய்விட்டுப் படித்தாள். முதலில் சிப்பாய்களின் பெயர்கள், பிறகு குதிரைகளின் பெயர்கள். கடைசி வரியில், ‘சுமை தூக்க அடிமை ஒருவன்’ என்று மட்டும் இருந்தது.

“கோரன்” என்றது பின்னாலிருந்து ஓர் இளங்குரல்.

திரும்பினாள். அறையில் யாருமில்லை. அந்த வரியை மறுபடி படித்தாள். மறுபடியும் அதே குரல் அதே பெயரைச் சொன்னது. அந்தப் பெயரையும் டைப் செய்தாள்.

சரிபார்க்க வந்த மேலதிகாரி கிருஷ்ணகுமாருக்குக் கோபம் வந்தது. “ஓலையில பேரே இல்லல்லா? இல்லாததை எழுதினா உங்க வேலை போயிரும், கேட்டியளா?”

“நீங்களே ஒருதரம் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்கோ, சார்.”

எரிச்சலோடு படித்தவர் கடைசி வரியை முடித்ததும் அசையாமல் நின்றார். பத்மஜாவுக்கு இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அவர் காலி நாற்காலியின் பக்கம் மெல்லக் காதைச் சாய்த்தார்.

“அவனுக்க அம்மைக்க பேரையும் சொல்லுகான்,” என்றார். “எழுதுங்கம்மா.”