சொந்தக் கால்

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் கஜபதியின் சொற்பொழிவு தினமும் காலை ஏழு மணிக்குத் தொடங்கிவிடும். சுவரில் மாலையோடு தொங்கும் தன் அப்பாவின் படத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் பேசுவார். அன்று மகன் உதயகுமாரின் துணிப்பையை வாசலில் தூக்கி வைத்துவிட்டே ஆரம்பித்தார்.

"இருபத்தாறு வயசாவுது. இன்னும் போனை நோண்டிக்கினு படுத்துக்கீறே! இந்த வயசுல நான் ஃபேக்டரில சேர்ந்து சொந்தக் கால்ல நின்னேன். வேலை இல்லாதவனுக்கு இந்த ஊட்ல இடமில்லே. கெளம்பு!"

"மாட்டேன் நைனா."

"என் வேலை மாதிரி ஒரு வேலை ஒன்னால வாங்க முடியுமாடா?"

"நீ எப்படி வாங்கினே? அதைச் சொல்லு."

கஜபதி தொண்டையைச் செருமினார். "உழைச்சேன்டா!"

"உழைச்சது வேலை கெடச்சப்புறம். கெடைக்கறதுக்கு இன்னா பண்ணே?"

சமையலறையிலிருந்து அம்மா தாயம்மாள் கரண்டியோடு வந்தாள்.

"நான் சொல்றேன்டா. இவரும் இருபத்தாறு வயசு வரைக்கும் துன்னுட்டுத் தூங்கினவருதான். ஒங்க தாத்தா மெஷினாண்டையே நெஞ்சைப் புடிச்சிக்கினு சாஞ்சாரு. சர்வீஸ்ல இருக்கறப்பவே செத்துட்டாருன்னு, வாரிசு வேலையை இவருக்குக் குடுத்தாங்க."

கஜபதியின் பார்வை தரைக்குப் போனது. உதயகுமார் எழுந்து போய்ப் பையை உள்ளே எடுத்து வந்து வைத்தான். அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அப்பாவிடம் நீட்டினான்.

"கத்தாத நைனா. மொதல்ல பிரஷர் மாத்திரையைப் போடு. ஒன் வேலை எனக்கு வேணாம்."