கோழிப் பேரம்

கண்டிக் கடைத்தெருவில் ஒரு மனித உயிரின் விலை மாதத்துக்கு ஓர் ஆடு. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த விலை ஏறவில்லை. கடைக்காரர்கள் முறை வைத்து, அறுத்த ஆட்டை நடைபாதைக் கல்லைத் தூக்கிக் கீழே ஓடும் சாக்கடைக் கானுக்குள் போடுவார்கள். போடாத மாதம் தெருவில் ஓர் ஆள் குறையும். கீழே இருப்பது என்னவென்று யாரும் குனிந்து பார்த்ததில்லை.

கார்த்திகை மாதம், புதிதாகப் புடவைக்கடை போட்ட கோபாலபிள்ளையின் முறை. அவர் ஒரு கோழியோடு வந்தார்.

"அண்ணை, இது பேரம் பேசிற இடமில்லை," என்றார் பக்கத்துச் சுருட்டுக்கடை தம்பிராஜா.

"மொத வெலையிலேயே முடிச்சா யாவாரிக்கு என்னங்க மரியாதை? கேட்டா கூட்டிக் குடுப்போம்." கோழியின் கழுத்தை அறுத்து உள்ளே போட்டார்.

விடிந்தபோது அந்தக் கோழி கல்லின் மேல் நின்று கொத்திக்கொண்டிருந்தது. கழுத்தில் தழும்புகூட இல்லை. கடைக்குள் படுத்திருந்த மைத்துனன் சண்முகத்தைக் காணோம். அவனுடைய பாயிலிருந்து கல் வரை தரை ஈரமாக இருந்தது.

கோபாலபிள்ளை இம்முறை பேரம் பேசவில்லை. வத்தேகமச் சந்தையிலிருந்து இரண்டு ஆடுகளை வரவழைத்து, அறுத்துப் போட்டு, "எடுத்துக்க, பையனைக் குடுத்திரு," என்று கானுக்குள் கெஞ்சினார்.

மறுநாள் காலை இரண்டு ஆடுகளும் கடைவாசலில் நின்று அட்டைப்பெட்டியை மென்றுகொண்டிருந்தன.

தம்பிராஜா தன் கடைப் பலகையைக் கழற்றியபடியே பார்த்தார். "அது கணக்குக்கு மேலே வாங்காது, அண்ணை. இந்த மாசக் கணக்கு நேர்."