டிராவிஸுக்கு ஒரு தட்டு

"ஏன் அம்மிணி, மொகம் வாடிக் கெடக்குது? நீ உக்காரு, பாத்தரத்த நான் கழுவறேன்" என்றான் டிராவிஸ்.

ஹிலரி வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஐம்பது வயதில் என்ன வெட்கம் வேண்டிக் கிடக்கிறது! கட்டின புருஷன் கண் முன்னாலேயே இந்தக் கூத்து. ரூபர்ட்டுக்கு வயிறு பற்றி எரிந்தது.

டிராவிஸை அந்த பர்பாங்க் நகரத்து வீட்டுக்குள் கொண்டுவந்தவரே ரூபர்ட்தான். லண்டனிலிருந்து வந்து இருபது வருடமாக அமெரிக்கப் படங்களில் பட்லர், டாக்டர், வில்லன் என்று அவர் போடாத வேடமில்லை. இந்தப் படத்துக்கு டெக்சாஸ் பேச்சு நாக்கில் படியவேண்டும். படம் முடியும்வரை டிராவிஸ் வீட்டோடு இருக்கட்டும் என்று ஹிலரியிடம் கெஞ்சிக் கேட்டார். அவளும் அரை மனதாகத்தான் தலையாட்டினாள்.

இப்போது பாருங்கள். டீ குடிக்காமல் கண் திறக்காத இங்கிலாந்துக்காரி, டிராவிஸுக்காகக் காப்பி போடுகிறாள். மேசையில் இரண்டே தட்டு வைக்கிறாள். ஒன்று தனக்கு, இன்னொன்று டிராவிஸுக்கு. ரூபர்ட் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கிடையாது.

நேற்று அவன் தோளில் சாய்ந்துகொண்டே டி.வி. பார்த்தாள். படம் முடியும்வரை டிராவிஸுக்குக் குறுக்கே வாய் திறப்பதில்லை என்பது ரூபர்ட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

படப்பிடிப்பிலும் இதே கதைதான். லைட்மேன் முதல் டைரக்டர் வரை டிராவிஸ், டிராவிஸ் என்று உருகினார்கள். ரூபர்ட்டின் பெயர் இத்தனை வருடத்தில் யார் வாயிலும் நின்றதில்லை.

ஒருவழியாகக் கடைசி நாள் வந்தது. கைதட்டி, கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். தொலைந்தது சனியன் என்று ரூபர்ட்டுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. வழியில் ஹிலரிக்குப் பிடித்த மஞ்சள் ரோஜா வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"டிராவிஸ் போயாச்சு, ஹிலரி. இனிமே வரமாட்டான்."

ஹிலரியின் முகம் விழுந்துபோயிற்று. கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"அப்போ என்னை அம்மிணின்னு கூப்பிட இனி யாரு இருக்கா?"

"அந்த டெக்சாஸ் மாட்டுக்காரன் உனக்கு அவ்வளவு உசத்தியாப் போயிட்டானா? நான் ஒருத்தன் இல்லையா?" அடக்கிவைத்த பொறாமையெல்லாம் கொட்டிவிட்டது.

"நீ என்கிட்ட என்ன பேசியிருக்க? சாவி எங்க, சட்டை எங்க. அவ்வளவுதானே?"

ஹிலரி ரோஜாவை வாங்கிக்கொண்டு அருகில் வந்தாள். கோபமில்லை, குரல் கெஞ்சியது.

"படம் முடிஞ்சா முடியட்டும், ரூபர்ட். வீட்டுக்குள்ளயாவது டிராவிஸ் வேஷத்தைக் கலைக்காம இரேன்."